இரண்டு இருபத்தேழாம் நோன்பு

என் கணவர் கட்டாரில் ஒரு பெரிய களஞ்சியத்தில் ஸ்டோர் கீப்பர். ஆணி ஒன்று வந்தாலும் பதிவு, ஆணி ஒன்று போனாலும் பதிவு. அந்தப் பழக்கத்தைச் சாய்ந்தமருதில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள்ளும் கொண்டுவந்தார். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் லீவில் வந்தவர், மடிக்கணினியில் வீட்டுக் கணக்கு பார்க்கிற மென்பொருள் ஒன்றை ஏற்றினார். "இனி மீன் வாங்கினாலும் இதுக்குள்ள போடணும்" என்று உத்தரவு போட்டுவிட்டு விமானம் ஏறினார். நான் உயர்தர வகுப்புக்குக் கணக்கீடு படிப்பிக்கிறவள். எனக்கே இவர் கணக்குச் சொல்லித்தருகிறாரா என்று மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் ஒரு மாதம் போட்டுப் பார்த்த பிறகு விட மனம் வரவில்லை. மீனுக்கு மட்டும் நாங்கள் இறைத்த காசைப் பார்த்து நானே வாயில் கை வைத்தேன்.

எங்கள் வீட்டுக் கணக்கு வருஷம் ரமழான் நோன்பில்தான் முடியும். சேர்ந்த சொத்தில் ஏழைகளுக்கு ஸக்காத் கொடுக்கக் கணக்குப் பார்த்தாக வேண்டும் என்பதால் இருபத்தேழாம் நோன்பன்று வருஷத்தை மூடுவோம். மூடியதும் ஒரு பேக்கப் எடுத்து வைப்போம். பிறகு புது வருஷத்துக்கு ஒன்றுமில்லாத புதுக் கோப்பு திறப்போம்.

இதில் ஒரு தொல்லை இருந்தது. கட்டாரில் பெரும்பாலும் பிறை எங்களுக்கு ஒரு நாள் முந்திவிடும். அவருக்கு இருபத்தேழு என்றால் எனக்கு இருபத்தாறு. நான் நோன்பு வாயோடு குசினியில் நிற்கும்போது அவர் பெருநாள் வாழ்த்துச் சொல்லித் தொலைபேசி எடுப்பார். வருஷா வருஷம் அதற்கு ஒரு ஏச்சு வாங்குவார். ஆகவே எங்கள் கணக்குக்கும் இரண்டு இருபத்தேழு. அவருடைய இருபத்தேழில் நான் அனுப்பும் கோப்பை அவர் சரிபார்த்துத் திருப்பி அனுப்புவார், அது ஒரு பேக்கப். அடுத்த நாள், என்னுடைய இருபத்தேழில், நான் இன்னொன்று எடுப்பேன். இரண்டுக்கும் ஒரே பெயர்தான்: நோன்பு 27, பக்கத்தில் வருஷம். அவருடையது கணினியில் கிடக்கும், என்னுடையது பென்டிரைவில் கிடக்கும்.

அந்த இரண்டாவது பேக்கப் எதற்கென்று அவருக்குத் தெரியாது. இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டதால் எழுதுகிறேன். அது பக்கத்து வளவு ராத்தாவுக்காக.

கூடப்பிறந்த ராத்தா இல்லை, நான் அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டேன். அவர் சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனபோது மகளுக்கு ஏழு வயது. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளைக்கு வீடு இல்லாமல் கல்யாணப் பேச்சு ஒரு அடி நகராது. ராத்தாவின் கணவர் கெட்ட மனிதரில்லை, ஓட்டைக் கை. இன்றைக்கு வள்ளத்துக்கு எஞ்சின், நாளைக்கு ஆரோ ஒரு கூட்டாளிக்குக் கைமாற்று என்று எது வந்தாலும் தங்காது. அவர் என் கணவருக்குப் பெரியும்மா மகன் வேறு. இருவரும் ஒன்றாக விளையாடி வளர்ந்தவர்கள், ஒருவருக்குத் தெரிந்தால் மற்றவருக்கும் தெரிந்துவிடும். போவதற்கு முந்திய நாள் ராத்தா என் குசினிக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"புள்ள, சம்பளத்தில பாதிய ஊட்டுக்கு அனுப்புவன். மறு பாதி ஒனக்கிட்ட வரும். அது எண்ட மகள்ட ஊடு. ஒண்ட மாப்பிளக்கும் சொல்லாத."

ஓம் என்றேன். அமானிதம் என்று ஒருவர் நம்பி ஒப்படைத்தால் வேறென்ன சொல்வது?

ஊருக்குத் திரும்பும் பெண்களின் கையில்தான் ராத்தா காசு கொடுத்தனுப்புவார். வந்த தொகையை ஒரு துண்டில் எழுதிப் பழைய பால்மா டின்னுக்குள் போட்டு வைப்பேன். அந்தச் சல்லி எங்களுடையதில்லை, எங்கள் ஸக்காத்தில் அது கலக்கக் கூடாது. அதனால் முதலில் எங்கள் கணக்கை முடித்துக் கட்டாருக்குக் காட்டிவிடுவேன். அடுத்த நாள், என்னுடைய இருபத்தேழில், டின்னைத் திறந்து ராத்தாவின் முழு வருஷத்தையும் ஒரே மூச்சில் பதிவேன். பேக்கப் எடுத்ததும் துண்டுகளை அடுப்பில் போடுவேன். பதினொரு வருஷம் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்தா தொலைபேசி எடுத்தார். "வாற மாசம் ஒரேயடியா வாறன் புள்ள. முழங்கால் ஏலா. எண்ட கணக்க ஒருக்காப் பாத்து வெய்யி."

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பின்னேரமே புது மடிக்கணினியைத் திறந்து உட்கார்ந்தேன். இரண்டு வருஷத்துக்கு முன் லீவில் வந்தபோது என் கணவர் வாங்கித் தந்த மடிக்கணினி அது. எல்லா வருஷமும் அழகாக ஒரு கோப்புறைக்குள் வரிசையாக நின்றன. முதல் வருஷத்தைத் திறந்தேன். எங்கள் மீனும் மின்சாரமும் இருந்தன, ராத்தா இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஒன்பது வருஷம் திறந்து பார்த்தேன், ஒன்றிலும் இல்லை. இந்தப் புது மடிக்கணினியிலேயே நான் பதிந்த கடைசி இரண்டு வருஷத்தில் மட்டும் இருந்தார்.

பென்டிரைவுகளைத் தேடி எடுத்துச் செருகினேன். மூன்றிலும் குர்ஆன் கிராஅத் ஒலிப்பதிவுகள்.

கட்டாருக்கு எடுத்தேன்.

"லீவில வந்த நேரம் பைலெல்லாம் ஒழுங்குபடுத்தினீங்களா?"

"ஓம். எவ்வளவு குப்பை! பென்டிரைவில கெடந்த, கணினியில கெடந்த எல்லாத்தையும் ஒரு எடத்துக்குக் கொண்டந்தன். வெறுமையான பென்டிரைவில கிராஅத் ஏத்தினன். ஒரே பேரில ரெண்டு ரெண்டா இரிந்திச்சி. இதுக்கு மேல அத மாத்தவா எண்டு கேட்டிச்சி, ஓம் எண்டன்."

"எதுக்கு மேல எத?"

"எண்டது சரிபாத்தது தானே, அத வெச்சன். இருவத்தேழு ஒண்டுதானே புள்ள? நீ என்ன, இருவத்தேழ ரெண்டு தரம் புடிச்ச நீயா?"

ஒரு வருஷம் தவறாமல் நோன்பு வீட்டுக்குப் பெருநாள் வாழ்த்துச் சொல்கிற மனிதர் கேட்கிற கேள்வி அது. "ஒங்களுக்குப் பெருநாளும் முந்தி, அழிக்கிறதும் முந்தி" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு மேல் ஏச வழியில்லை. ஏசினால் காரணம் சொல்ல வேண்டும். அன்றைக்கு அவர் ஒழுங்குபடுத்திய போது நான் பக்கத்தில்தான் வட்டிலப்பம் அவித்துக்கொண்டிருந்தேன். பாவம், பொறுப்பாக வேலை செய்கிறார் என்று ஒரு துண்டு வெட்டிக் கொண்டுபோய்க் கொடுத்ததும் நான்தான்.

வங்கிப் புத்தகத்தைப் பார்த்தால் தெரியாதா என்று கேட்கத் தோன்றும். பார்த்தேன். ராத்தாவின் காசு அதில் ஒரே இடத்தில் நிற்கவில்லை. அவர் சொன்னபடி சில வருஷம் பவுண் வாங்கி வைத்தேன். மகளின் டியூஷனுக்கும் ஒருமுறை ஆஸ்பத்திரிக்கும் எடுத்துக் கொடுத்தேன். மகளின் வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டபோது கல்லும் மண்ணும் வாங்கினேன். இதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கட்டாரில் சம்பளம் பிந்திய ஒரு காலத்தில் நான் அதிலிருந்து எடுத்து எங்கள் வீட்டுச் செலவைப் பார்த்திருந்தேன். ராத்தாவிடம் கேட்டுத்தான் எடுத்தேன். திரும்ப வைத்தேன் என்றுதான் நினைவு. முழுவதும் வைத்தேனா? எந்த வருஷம் அது? கோப்பு இல்லாமல் எனக்கு நானே சத்தியம் பண்ண முடியவில்லை. கலந்து வைக்காதே, தனித்தனியே காட்டு என்று கரும்பலகையில் வருஷம் முழுக்க எழுதுகிற கை இது.

ஒரு பெண் இன்னொருவரின் வீட்டுக் கக்கூஸ் கழுவி அனுப்பிய காசு. அவர் வந்து நின்று "எவ்வளவு புள்ள?" என்று கேட்டால் என் கணவர் அழித்துவிட்டார் என்று சொல்லவா?

எங்கள் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிற டீச்சர் காரைதீவுக்காரர். இடைவேளையில் தேத்தண்ணி குடிக்கும்போது, வீட்டுக் கணக்கில் பழைய பேக்கப் போய்விட்டது என்று மட்டும் சொன்னேன். அவர் துருவிக் கேட்கிற ஆளில்லை.

"பழைய மெஷின் இருக்கா?" என்றார்.

"அலுமாரிக்குள்ள இருக்கு. கீல் உடைஞ்சது."

"அப்ப பயப்பிடாதீங்க. அந்த மாதிரி மென்பொருள் மூடுற நேரமெல்லாம் தானா ஒரு பிரதி எடுத்து வைக்கும். நாங்க சேமிக்கிற இடத்தில இல்ல, அதுக்கெண்டு உள்ளுக்கு ஒரு கோப்புறை இருக்கும். மறைச்சு வைச்சிருக்கும். பேரைத் தேடாதீங்க. பேருக்குப் பின்னால வாற மூண்டு எழுத்தத் தேடுங்க."

பழைய மடிக்கணினிக்குச் சார்ஜர் இல்லை. கல்முனை பசாரில் மூன்று கடை ஏறி இறங்கி ஒன்று வாங்கினேன். திரையைச் சுவரில் சாய்த்துவைத்து, டீச்சர் எழுதித் தந்த மூன்று எழுத்தைப் போட்டுத் தேடச் சொன்னேன். அது தேத்தண்ணி ஆறும் வரை யோசித்தது. பிறகு கொட்டியது. நூற்றுக்கணக்கான கோப்புகள், ஒன்றுக்கும் பெயரில்லை. திகதியும் நேரமும் சேர்ந்த நீளமான இலக்கங்கள் மட்டும். ஒன்பது வருஷம் நான் அந்த மென்பொருளை மூடிய ஒவ்வொரு தடவையும் அது சத்தமில்லாமல் எழுதி வைத்திருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

ஆனால் எந்த இலக்கம் என் இருபத்தேழு? நோன்பு வருஷத்துக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகும். என் மகள் பிறந்த வருஷம் எந்த மாதத்தில் நோன்பு, அஸ்திவாரம் போட்ட வருஷம் எந்த மாதத்தில் என்று உட்கார்ந்து எண்ணினேன். கைபேசியில் இருந்த இஸ்லாமியக் கலண்டர் அரபு நாட்டுத் திகதியைக் காட்டியது. அதை நம்பினால் என் கணவரின் கோப்பில்தான் போய் நிற்பேன். ஆகவே அது காட்டிய நாளுக்கு அடுத்த நாளைப் பார்த்தேன். ஒரு வருஷம் எங்களுக்கும் அவர்களுக்கும் ஒரே நாளில் பிறை, அதில் அரைப் பொழுது போனது.

பிறகு ஒரு சுருக்குவழி பிடிபட்டது. கோப்பின் அளவைப் பார்த்தால் போதும். முதல் நாள் கோப்பைவிட அடுத்த நாள் கோப்பு கொஞ்சம் பெரிதாக இருக்கும். அந்தக் கொஞ்சம்தான் ராத்தா. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அஸர்த் தொழுகை வரைக்கும் உட்கார்ந்து ஒவ்வொரு வருஷமாகப் பிடித்தேன். பிடித்ததைத் திறந்து பார்த்து, தனிக் கோப்புறையில் போட்டு, ஆங்கிலத் திகதியும் 'ஊர்' என்ற சொல்லும் சேர்த்துப் பெயர் வைத்தேன். அவருடையதற்குக் 'கட்டார்' என்று பெயர். இனி எந்த ஸ்டோர் கீப்பர் வந்தாலும் ஒன்றின் மேல் ஒன்றை ஏற்ற முடியாது. கணினியில் ஒன்று, வெளியே மாட்டும் டிஸ்க்கில் ஒன்று, என் பள்ளிக்கூட லொக்கரில் ஒரு பென்டிரைவ் என்று மூன்று இடத்தில் வைத்தேன்.

நான் எடுத்த காசும் அகப்பட்டது. எடுத்தது ஒரு வருஷம், திரும்ப வைத்தது அடுத்த வருஷம், சதம் குறையவில்லை. அன்றைக்கு அஸர் தொழுதுவிட்டு எழும்பாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.

ஒன்பதில் எட்டு வருஷம் கிடைத்தது. ஆறாவது வருஷம் மட்டும் கிடைக்கவில்லை. முதல் நாள் கோப்பும் அடுத்த நாள் கோப்பும் ஒரே அளவு, ஒரு துளிகூட வித்தியாசமில்லை. திறந்து பார்த்தேன், ராத்தா இல்லை. அதற்கு அடுத்த நாள், அதற்கும் அடுத்த நாள், பெருநாள் கழித்து ஒரு வாரம் வரை பார்த்தேன். கரண்ட் போயிருக்கும், நான் பதிந்ததை இந்தச் சனியன் எழுதாமல் விட்டிருக்கும் என்று மடிக்கணினியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினேன். துண்டுகள் எப்போதோ சாம்பல்.

ராத்தா வர நாலு நாள்தான் இருந்தது. கணக்குப் படிப்பிக்கிறவள் என்ன செய்வாள்? ஐந்தாம் வருஷத்தையும் ஏழாம் வருஷத்தையும் கூட்டி இரண்டால் பிரித்தேன். வந்த தொகையை ஆறாம் வருஷத்துக்குப் போட்டேன். அவ்வளவு காசு அமானிதத்தில் இல்லை. அதனால் என் காப்பு இரண்டைக் கல்முனையில் விற்று வைத்தேன். குறைந்தால் அல்லாஹ்விடம் நான் பதில் சொல்ல வேண்டும், கூடினால் பரவாயில்லை. மனம் கொஞ்சம் லேசானது. என்னை நானே மெச்சிக்கொண்டேன் என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

ராத்தா வந்த மூன்றாம் நாள் சனிக்கிழமை காலையில் என் வீட்டுக்கு வந்தார். பாதியாகியிருந்தார். கதிரையைப் பிடித்துப் பிடித்துத்தான் உட்கார்ந்தார். ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தை மேசையில் வைத்துவிட்டு, "வாசி புள்ள" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

வருஷம் வருஷமாக வாசித்தேன். வந்தது, பவுண், டியூஷன், ஆஸ்பத்திரி, மிச்சம். ஒவ்வொன்றுக்கும் "ஓம்" என்றார். சிலதற்கு "ஓம், அந்த வருசந்தான் மேடத்துக்கு ரெட்டப் புள்ள பொறந்த" என்றார். நான் எடுத்ததையும் திரும்ப வைத்ததையும் சதம் விடாமல் வாசித்தேன். அவர் கண்ணைத் திறக்காமலே, "அதச் சொல்லணுமா?" என்றார்.

ஆறாம் வருஷத்தை வாசித்தேன். "ஓம்" வரவில்லை. கண்ணைத் திறந்தார்.

"இது பிழ, புள்ள."

"கொறைஞ்சிட்டா ராத்தா? எவ்வளவு கொறயிது, சொல்லுங்க, நான் வெச்சித் தாறன்."

"கொறயல்ல. அந்த வருசம் நான் ஒரு சதமும் அனுப்பல்லியே."

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். "மூத்த மேடம் கண்ண மூடி மௌத்தாப் போன வருசம் அது. அவட மகன் என்னக் கூட்டிப் போய் அவன்ட ஊட்டில வெச்சான். சம்பளம் கேட்டா பொறகு, பொறகு எண்டுவான். இஞ்ச ஊட்டுக்கும் இல்ல, ஒனக்கும் இல்ல."

"நீங்க எனக்குச் சொல்லல்லியே ராத்தா."

"நோன்புக்கு எடுத்தன் தானே. சொல்லத்தான் எடுத்தன். நீ அடுப்படியில நிண்ட. சுகமா எண்டு கேட்ட, ஓம் எண்டன். மறுகா நீ அவசரமா இரிக்கன் எண்ட."

அப்போதுதான் எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. அந்த வருஷம் பதிவதற்கு ஒன்றுமே இருக்கவில்லை. இந்த வருஷம் வேலை குறைவு என்று நினைத்து, வந்திருந்த பெருநாள் துணியைத் தைக்கக் கொடுக்கப் போனேன். ஏன் வரவில்லை என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. அடுத்த வருஷம் வழமைபோல் வந்ததும் அதையும் மறந்துவிட்டேன். ஒன்பது வருஷத்துக் கோப்புகளையும் தோண்டி எடுத்தவள், ஒரே அளவில் இருந்த அந்த இரண்டு கோப்பையும் பார்த்து இயந்திரத்தின் தலையில் தட்டினேன். எனக்கு வெட்கமாக இருந்தது. காப்பு விற்றதை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

"அப்ப அந்த வருசத்த அழிச்சிர்றன் ராத்தா" என்று விசைப்பலகையில் கை வைத்தேன்.

"அழிக்காத" என்றார். இந்த முறை குரல் உயர்ந்தது. "அந்தச் சல்லிய எடு, அது ஒண்டது. வருசத்த அழிக்காத. ஒண்டும் வரல்ல எண்டு போடு. நான் வேல செஞ்ச வருசந்தானே புள்ள அது. மத்த வருசத்த விடக் கூடச் செஞ்சன்."

தொகையை அழித்துவிட்டுப் பூச்சியம் போட்டேன். அதன் பக்கத்தில் குறிப்பு எழுத ஒரு சின்னக் கட்டம் இருக்கும். ராத்தாவின் கணக்கில் நான் ஒருநாளும் அதைத் தொட்டதில்லை. அங்கே சொடுக்கினேன்.

"அந்த வருசம் என்ன நடந்த ராத்தா?" என்று கேட்டேன்.

அவர் கதைத்தார். லுஹர்த் தொழுகைக்கு வாங்கு சொல்லும் வரைக்கும் கதைத்தார். குசினியில் ஒன்றும் அடுப்பில் ஏறவில்லை. அந்தக் கட்டத்துக்குள் நாலு வரிக்கு மேல் எழுத இடமிருக்கவில்லை. நான் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.